நிலம் அசைந்த இரவும் பாதை கவிழ்ந்த காலையும்

2018ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆந் திகதி. வெள்ளி கழிந்து சனி பிறந்து சிறிது நேரம். எங்கள் வீட்டில் முதலில் சத்தமிட்டவை குசினியில் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்கள். பிறகு யன்னல்கள் கடகடவென்று அடித்தன. கட்டிலுக்குக் கீழாக யாரோ பாரமான சாமான் ஒன்றை இழுத்துக்கொண்டு போவது போல ஒரு முழக்கம். எல்லாம் சில விநாடிகள்தாம். நான் எழுந்து விளக்கைப் போடுவதற்குள் முடிந்துவிட்டது.

உள்ளறையில் படுத்திருந்த உம்மா கேட்ட முதல் கேள்வி, “மகன், ஷெல்லா?” என்பதுதான்.

யுத்தம் முடிந்து ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனம் உடுத்த உடையோடு கந்தளாய்ப் பக்கம் நடந்த நாட்களைக் கண்டவர் உம்மா. எங்கள் பக்கத்து முதியவர்களின் காது நிலத்தின் சத்தத்தை அறியுமுன் ஷெல்லின் சத்தத்தை அறிந்துவிட்டது.

ஒழுங்கையில் இறங்கினால் எல்லா வீட்டிலும் வெளிச்சம். கடற்படைக்காரர் பயிற்சி எடுக்கிறார்கள் என்றார் ஒருவர். கல்மலையில் வெடி வைத்திருப்பார்கள் என்றார் இன்னொருவர். மீனுக்கு டைனமைட் போடுகிறவர்களை மூன்றாமவர் ஏசினார். பிறகு யாரோ “பூமி நடுங்கின” என்றார். அந்தச் சொல் வந்ததும் வேறொரு சொல்லும் வந்துவிட்டது. அதை யாரும் உரத்துச் சொல்லவில்லை. சொல்லாமலே கரைப் பக்கத்து வீடுகளிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் மேட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கிற்று. கொட்டியாரக் குடாவைப் பார்த்திருக்கும் கிராமம் எங்களுடையது. 2004 டிசம்பர் 26 இங்கே எந்த வீட்டுக்கும் வெறும் திகதி அல்ல.

விடிந்தபின் செய்தி வந்தது. திருகோணமலைப் பகுதியில் சிறு நில நடுக்கம், ரிச்டர் அளவில் 3.5க்கும் 3.8க்கும் இடையில், சுனாமி ஆபத்து இல்லை. எவரும் இறக்கவில்லை. எந்த வீடும் விழவில்லை. என் வீட்டுச் சுவரில் மட்டும் ஒரு மயிர்க்கோடு. அது அன்றிரவு வந்ததா, முன்பே கிடந்து நான் கவனிக்காமல் விட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒன்றையும் உடைக்காத இந்தச் சிறு நடுக்கத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். பெரிய அழிவு வந்தால் கபனும் கஞ்சியும் தேடவே நேரம் போதாது. யோசிக்க இடம் தருவது சிறியதுதான். அடுத்த இரண்டு நாட்கள் எங்கள் ஊர் யோசித்தது. அந்த யோசனையில்தான் எனக்கு ஒரு சிக்கல் வந்தது.

தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முன்றிலிலும் ஒரே கேள்வி: ஏன் வந்தது? பதில்கள் நிறைய இருந்தன. வட்டிக்குக் கொடுப்பவர்களால் என்றார் கடன்பட்டவர். இளைஞர்களின் போதைப் பழக்கத்தால் என்றார் ஆண்பிள்ளைகளைப் பெற்றவர். பெண்கள் வெளியே வேலைக்குப் போவதால் என்றார் ஒருவர். அவர் மகளை அனுப்பாதவர். கேட்டுக்கொண்டிருக்கையில் எனக்கு ஒன்று விளங்கிற்று. ஒவ்வொருவரும் தமக்கு முன்பே பிடிக்காமல் இருந்த ஒன்றுக்கு நிலத்தைச் சாட்சியாகக் கூப்பிட்டார். தம்முடைய பாவம் ஒன்றை எவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை எட்டாந்தர வகுப்பில் கரும்பலகையில் படம் கீறினேன். நாம் இந்திய-அவுஸ்திரேலியத் தட்டின் மேல் இருக்கிறோம். அதன் விளிம்பு நமக்குக் கிழக்கே ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், சுமாத்திராவை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே தட்டுகள் மோதுவதால் பெரிய நடுக்கங்கள் வருகின்றன. நாம் நடுவில் இருப்பதால் நமக்குப் பெரும்பாலும் அமைதி. ஆயினும் விளிம்பில் விழும் நெருக்குதல் தட்டின் நடுவுக்கும் கடத்தப்படுகிறது. பழம்பாறையில் எங்கேனும் பலவீனமான வெடிப்பு இருந்தால் அது சற்றே வழுக்கும். ஆழம் குறைவாக வழுக்கினால், சிறியதானாலும் மேலே இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும், சத்தமும் கேட்கும். பல்லேகலையிலும் மஹகனதராவையிலும் இருக்கும் கருவிகள் இப்படியான அசைவுகளைப் பதிகின்றன. அளவு ஒன்று கூடினால் வெளிவரும் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு கூடும். 2004இல் சுமாத்திராவில் வந்தது 9.1. நமக்கு வந்ததைவிட எத்தனை மடங்கு என்று கணக்குப் போடச் சொன்னேன். ஏறக்குறைய ஒன்பது கோடி மடங்கு என்று வந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

அப்போது ஒரு பையன் எழுந்தான். “சேர், அதெல்லாம் சரி. ஆனா எங்கட பாவத்தாலதான் வந்த எண்டு சொல்றாங்களே?”

நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள். “அப்ப சேர், மூணு வயசுல எங்கட ராத்தா என்ன பாவம் செஞ்சிருப்பா?”

அவள் 2005இல் பிறந்தவள். அவளுடைய ராத்தாவை அவள் கண்டதில்லை. கேள்வியில் கோபம் இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்பது போலவே கேட்டாள். மணியடித்தது. நான் பதில் சொல்லவில்லை. சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பதில் தெரியாமல் வரவில்லை. அந்தப் பையன் சொன்னதை ஒரு காலத்தில் நானே சொல்லியிருந்தேன் என்பதால் வந்தேன்.

2005 ஜனவரி. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வந்த புதிது. இடம்பெயர்ந்தவர்கள் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தார்கள். மஃரிபுக்குப் பிறகு ஆறுதலாக நாலு வார்த்தை பேசும்படி பெரியவர்கள் கேட்டார்கள். எனக்குப் பேச வரும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. நாம் அல்லாஹ்வை மறந்தோம், கடல் நமக்கு நினைவூட்டிற்று, நம் கைகள் தேடிக்கொண்டதே இது என்று அழகாகப் பேசினேன். முன்வரிசையில் ஒரு மீனவர் இருந்தார். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அடக்கியவர். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இருட்டுக்குள் போனார். எனக்கு அது அன்று உறைக்கவில்லை. மனம் தாங்காமல் போகிறார் என்று எண்ணினேன். அந்தப் பிள்ளை கேட்ட அன்றுதான், பதின்மூன்று வருடங்கள் கழித்து, அவர் ஏன் போனார் என்று எனக்கு விளங்கிற்று. அவர் அப்போது உயிரோடு இல்லை.

மனிதன் ஏன் இப்படிப் பேசுகிறான்? கொடுமையால் அல்ல என்றே நினைக்கிறேன். காரணம் இல்லாத துன்பத்தை நம்மால் தாங்க முடிவதில்லை. தண்டனை என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் உலகம் மறுபடியும் ஒழுங்காகிவிடுகிறது. பாவம் செய்யாவிட்டால் நமக்கு வராது என்று ஒரு தைரியமும் கிடைக்கிறது. அந்தத் தைரியத்துக்கான விலையை நாம் கொடுப்பதில்லை. இறந்தவனும் அவனைப் பெற்றவளும் கொடுக்கிறார்கள்.

பெரிய மனிதர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1934 ஜனவரி 15ஆந் திகதி பீகாரில் பெரும் நில நடுக்கம் வந்து பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தியார், சில நாட்களில் திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை இது என்று கருத்துச் சொன்னார். தாகூர் இதை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையான காரணமே உண்டு என்றும், அறத்தை அதன்மேல் ஏற்றிச் சொல்வது மக்களின் மூடத்தனத்துக்கு வலுவூட்டும் என்றும் கண்டித்து எழுதினார். காந்தியார் அந்தக் கண்டனத்தைத் தம்முடைய ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டு, தம் நம்பிக்கையில் மாறாமல் பதிலும் எழுதினார். தீண்டாமை பாவம் என்பதில் இருவருக்கும் பேதம் இல்லை. ஆனால் பீகாரின் இடிபாடுகளுக்குள் தீண்டாமையைச் செய்தவர்களும் கிடந்தார்கள், அதை அனுபவித்தவர்களும் கிடந்தார்கள். நல்ல நோக்கத்துக்காகக்கூட இறந்தவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக்கூடாது என்பதே நான் அந்த வாதத்திலிருந்து படித்துக்கொண்டது.

நம்முடைய வரலாற்றில் இதைவிடத் தெளிவான ஒரு சம்பவம் உண்டு. நபி (ஸல்) அவர்களின் சின்னஞ்சிறு மகன் இப்றாஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்த மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மதீனாவில் மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனை இழந்த தகப்பனுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! ஒரு தலைவருக்கு எவ்வளவு வசதியாகவும் இருந்திருக்கும்! அவர்களோ அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை இருள்வதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். பிறகு மக்களைத் தொழுகைக்கும் தர்மத்துக்கும் அழைத்தார்கள். அத்தாட்சி என்று ஏற்றுக்கொண்டே, அது இன்னாரைப் பற்றிய தீர்ப்பு என்ற விளக்கத்தைத் தள்ளினார்கள். நாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம்.

இதற்கு எதிராக ஒரு செய்தியை நண்பரான மௌலவி ஒருவர் எனக்கு நினைவூட்டினார். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் மதீனாவில் நிலம் நடுங்கியபோது, மக்களின் நடத்தையில் வந்த மாற்றத்தையே காரணமாகச் சொல்லி, மீண்டும் நடுங்கினால் உங்களோடு இங்கு வசிக்க மாட்டேன் என்று அவர்கள் எச்சரித்ததாக வரும் செய்தி அது. நான் அதைப் பல நாள் யோசித்தேன். ஆட்சிப் பொறுப்பைத் தோளில் சுமந்தவர், தாம் பொறுப்பேற்ற மக்களிடம், தாமும் நின்ற நிலத்தில் நின்று சொன்ன வார்த்தை அது. பிள்ளையை அடக்கிவிட்டு வந்த ஒரு தாயின் முன்னால் சொன்னதாக அதில் இல்லை. தன்னைச் சேர்த்துக் கண்டிப்பது வேறு. அடுத்தவனின் கபுறைக் காட்டிக் கண்டிப்பது வேறு. 2005இல் நான் செய்தது இரண்டாவது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். 2021 நவம்பர் 23ஆந் திகதி காலை குறிஞ்சாக்கேணியில் நடந்தது என்னை எழுத வைக்கிறது.

பழைய பாலத்தை அகற்றிவிட்டுப் புதிய பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. கிண்ணியாவுக்குப் போக வர மாற்றாக ஒரு மிதப்புப் பாதை ஓடிற்று. எங்கள் ஊர்ப் பேச்சில் ‘பாதை’ என்றால் தெரு மட்டுமல்ல, ஆளையும் சைக்கிளையும் அக்கரைக்குக் கொண்டுபோகும் தெப்பமும் பாதைதான். அன்று காலை பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. வெள்ளைச் சீருடைகள் தண்ணீரில் மிதந்ததைக் கண்டவர்கள் இன்றும் அதைப் பேசுவதில்லை. பிள்ளைகளும் பெரியவர்களுமாகப் பல உயிர்கள் போயின.

ஜனாஸா வீடுகளுக்குப் போனேன். அங்கே என்ன சொன்னார்கள் தெரியுமா? “கத்ர். அவன் எழுதினபடி நடந்த.” முதல் நாளின் கோபம் அடங்கியபின் முற்றத்தில் எஞ்சியது இந்தச் சொல்தான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சுவரும் விழாத நடுக்கத்துக்கு யார் பாவம் என்று தேடித் தேடிப் பேசிய அதே வாய்கள், இங்கே பாவம் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

எனக்குத் தலை சுற்றியது. பூமிக்கடியில் ஒரு பாறை வழுக்கியதில் நம்மில் எவருடைய கையும் இல்லை. அங்கே குற்றவாளி தேடுகிறோம். ஒரு தெப்பத்தில் எத்தனை பேர் ஏறலாம், மிதவைகள் சரியா, உயிர்காப்பு அங்கி உண்டா, மாற்று வழி பாதுகாப்பாக இருக்கிறதா என்பவை முழுக்க முழுக்க மனிதர்களின் கையில் இருந்தவை. அங்கே விதி என்று கையைக் கட்டிக்கொள்கிறோம். பாவத்தைத் தேடவேண்டிய இடத்தில் விதியையும், விதியென்று பொறுக்கவேண்டிய இடத்தில் பாவத்தையும் மாற்றி வைத்திருக்கிறோம். இது தற்செயலாக நேர்ந்த தவறு என்று நான் நம்பவில்லை. முதலாவது பேச்சில் குற்றம் பலவீனரின் தலையில் விழுகிறது. இரண்டாவதில் பொறுப்புள்ளவர்கள் எல்லோரும் தப்பிக்கிறார்கள். அதில் நானும் ஒருவன். அந்தப் பாதையில் நான் பல தடவை போயிருக்கிறேன். ஆள் கூடினால் ஒரு பக்கம் தாழ்வதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். கரையேறியதும் மறந்துவிட்டேன். ஒரு கடிதம் எழுத எனக்குத் தமிழ் தெரியும். எழுதவில்லை.

கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் கேள்வியுற்ற உமர் (ரலி) படையோடு திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர் என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே போகிறேன் என்ற கருத்தில் பதில் வந்தது. கத்ர் என்ற சொல் அங்கே கால்களை அசைத்தது. நம்மிடம் அது கால்களைக் கட்டிப்போட்டிருக்கிறது.

1755இல் லிஸ்பன் நகரம் நில நடுக்கத்தில் அழிந்தபோது ஐரோப்பாவே இறைவனின் நீதியைப் பற்றி விவாதித்தது. வோல்டயருக்கு எழுதிய கடிதத்தில் ரூஸோ ஒரு எளிய விடயத்தைக் கேட்டார். ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கி நெருக்கிக் கட்டியது இயற்கையா? இதை நம் கரைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். கிண்ணியா வைத்தியசாலையைக் கடலுக்கு இத்தனை அருகில் கட்டியது கடல் அல்ல. 2004இல் அலை அதை அழித்தது. கண்டல் மரங்களை வெட்டியது கடல் அல்ல. மகாவலி கடலில் சேரும் பகுதியில் மணலை அளவுகடந்து அள்ளுவதும் கடல் அல்ல. அன்று சுமாத்திராவில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன். அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. எங்கள் ஊரின் எந்த மூலையிலிருந்தும் மேட்டுக்கு நடக்க அரை மணித்தியாலம் போதும். இந்து சமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை ஒழுங்கு அன்று இருக்கவில்லை. இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் இருந்தன. பாவம் என்று ஒன்றைத் தேடத்தான் வேண்டுமென்றால், பாறைக்குள் தேடாமல் அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் தேடலாம்.

2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது. சனம் ஓடிற்று. அலை வரவில்லை. தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல் பெரிதாக எழும்பவில்லை. “சும்மா ஓட வச்சிட்டானுகள்” என்று மறுநாள் ஏசினார்கள். வராத அலைக்காக ஓடியதை வீண் என்று நினைக்கிற மனத்துக்குத்தான் பயிற்சி வேண்டும்.

நிலம் அசைவதில் இறைவனுடைய நினைவே வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும். அன்றிரவு நானும் நடுங்கிய குரலில் கலிமா சொன்னவன்தான். பூமி அதிர்வதில் தொடங்கும் ஸில்ஸால் சூறாவைச் சிறு வயதிலிருந்து ஓதி வருகிறோம். எட்டே வசனங்கள். அது அதிர்ச்சியோடு நின்றுவிடுவதில்லை. அணுவளவு நன்மையையும் தீமையையும் செய்தவன் கண்டுகொள்வான் என்ற கருத்தில் முடிகிறது. ஒவ்வொருவரும் தம்முடையதையே காண்பார்கள். அடுத்த வீட்டுக்காரனுடைய கணக்கைப் பார்க்க அங்கே எவருக்கும் அழைப்பில்லை.

அந்தப் பிள்ளைக்கு மறுநாள் பதில் சொன்னேன். வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னேன். “உங்கட ராத்தா ஒரு பாவமும் செய்யல்ல, மகள். முந்தி ஒரு நாள் நானும் அப்பிடிப் பேசியிருக்கிறன். அது பிழை.” ஒரு வாத்தியார் பிழை என்று சொன்னதில் பையன்களுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கொப்பியைத் திறந்தாள். அது போதுமான பதிலா என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

2025 செப்டெம்பரில் திருகோணமலைக்கு அப்பால் கடலடியில் மறுபடியும் ஒரு சிறு நடுக்கம் பதிவானது. எங்களில் பலர் செய்தியைக் கேட்டுத்தான் அறிந்தோம். மறுநாள் வகுப்பில் ஒரு சின்னவன் கேட்டான்: “சேர், வந்தா எந்தப் பக்கத்தால ஓடுற?”

மேட்டுப் பக்கம் போக எங்கள் பாடசாலையில் ஒரு பின்கதவு உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். துருப்பிடித்த பெரிய பூட்டு தொங்கிற்று. சாவி யாரிடம் என்று எவருக்கும் தெரியவில்லை. தேடி எடுக்க மூன்று நாள் சென்றது. எண்ணெய் விட்டுத் திறந்து, கதவை ஒட்டி வளர்ந்த பற்றையைப் பிள்ளைகளோடு சேர்ந்து வெட்டினேன். சாவி இப்போது வகுப்பறைச் சுவரில், எல்லோருக்கும் எட்டக்கூடிய உயரத்தில், ஓர் ஆணியில் தொங்குகிறது.